இன்னும் வராத திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்குச் சிப்பித்துறையில் எந்தப் பொருளும் இன்னொரு பொருளை நம்பாமல் போயிற்று. பால்நிலையத்துக் குழாய் பால்கேனைப் பார்த்து யார் நீ என்று கேட்டது. பேருந்தின் இயந்திரம் ஓட்டுநரின் சாவியைத் தெரியாது என்றது. தண்ணீர்த் தொட்டி மோட்டாரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் தெருவில் ஒரு வாத்தியார் கழிப்பறைக்குள் போயிருந்தார். கதவு அவரை வெளியே விடவில்லை.

சான்று என்றால் ஒரு காலத்தில் மனிதர்கள் வரிசையில் நின்று வாங்கியது. சாதிக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று, செத்தால் அதற்கும் ஒன்று. இப்போது பொருள்களும் வாங்குகின்றன. ஒரு பூட்டு ஒரு சாவியிடம் பேச வேண்டுமென்றால் இரண்டும் முதலில் சான்றை நீட்ட வேண்டும். அந்தச் சான்றுகளில் எல்லாம் வட்டாரச் சான்றகத்தின் கையெழுத்து இருக்கும். கையெழுத்துக்கு ஆதாரம் மூலச்சான்று என்ற ஒன்று. அதற்கும் ஆயுள் உண்டு. பழைய மூலச்சான்று அன்று ஆறே காலுக்கு முடிந்து, அதே ஆறே காலுக்குப் புதியது தொடங்குவதாக ஏற்பாடு. ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொன்னார்கள். திங்கட்கிழமை ஆறே கால் நல்ல நேரம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

ஆவுடை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கணவன் தனுஷ்கோடியின் இடுப்புப் பட்டையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

தனுஷ்கோடி பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்றுக்கொடுப்பவன். அவனுடைய சொந்த நெஞ்சு பலவீனமானது. நான்கு வருடத்துக்கு முன் அதன் பக்கத்தில் நெஞ்சுத்துணை என்ற சின்ன எக்கியைப் பொருத்தியிருந்தார்கள். இரத்தத்தைத் தள்ளும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. அதற்கு மின்சாரம் கொடுப்பது இடுப்பில் கட்டும் ஏற்றுப்பட்டை. தோலுக்கு வெளியே பட்டை, உள்ளே எக்கி, நடுவில் கம்பி எதுவும் இல்லை. பட்டை நின்றால் எக்கியின் மின்கலம் இரண்டரை மணி நேரம் தாங்கும்.

"என்ன சொல்லுது?" என்றாள் ஆவுடை.

தனுஷ்கோடி பட்டையின் சின்னத் திரையைப் பார்த்தான். "அறியேன்னு சொல்லுது. எக்கியும் பட்டைய அறியேங்கு, பட்டையும் எக்கிய அறியேங்கு. நாலு வருசமா ஒண்ணா குடித்தனம் பண்ணிட்டு இப்ப பேச்சப் பாரு."

ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறே காலோடு இரண்டரையைக் கூட்டினால் எட்டே முக்கால். நகரத்து மருத்துவமனை அறுபது கிலோமீட்டர். வண்டி எதுவும் கிளம்பாது. தொலைபேசியும் சான்று கேட்டு ஊமையாகிவிட்டது. அதன் திரையில் சான்றகம் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த ஒரே ஓர் அறிவுரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: சான்றுகள் அனைத்தும் சரியாக உள்ளன. உங்கள் கருவியை ஒருமுறை அணைத்துப் போடவும்.

"நெஞ்ச அணைச்சுப் போடணுமாம். எவன் எழுதினானோ, கை வெளங்காமப் போவ," என்றாள் ஆவுடை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நியாயமான இடத்தில்தான் நீளும்.

அவள் பிழைப்பே சான்றுப் பழுது பார்ப்பது. கடைத்தெருவில் சின்ன அறை. குளிர்பெட்டியும் வீட்டுக்கதவும் சண்டை போட்டுக்கொண்டால் ஊர்க்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவளிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. யாரிடமும் சான்று கேட்காத காலத்துச் சாமான். அதில் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாள் என்பது உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி, யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்த நிரல்தொகுப்பு. சான்றை உண்டாக்குவது, பூட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் அதன் வேலை. பால்குழாயிலிருந்து தனுஷ்கோடியின் நெஞ்சு வரை எல்லாவற்றுக்குள்ளும் ஓடிக்கொண்டிருப்பது அதே தாழ்ப்பாள்தான். சான்றகத்தில் முத்திரை போடும் பெட்டகத்திலும் அதுதான். ஆனால் சான்றகத்தில் அதைப் படித்தவர்கள் ஒருவரும் கிடையாது. அவர்கள் பொத்தானை அமுக்குவார்கள், முத்திரை வரும்.

பட்டையில் இருந்த புதிய மூலச்சான்றை ஆவுடை கணினிக்கு இறக்கினாள். பழுது பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது கையெழுத்தை. கையெழுத்து சரி. அடுத்து சங்கிலி: எக்கிக்குக் கையெழுத்திட்டது யார், அவருக்கு இட்டது யார் என்று மூலம் வரை. அதுவும் சரி. பிறகு தேதி. தாழ்ப்பாள் ஒற்றை வரியில் பதில் சொன்னது: இன்னும் செல்லாது.

முடிந்துபோனது என்று சொன்னால் புரியும். இன்னும் செல்லாது என்றால்? சான்றின் வயிற்றைத் திறந்து தொடக்க நேரத்தைப் பார்த்தாள். ஆறு பதினைந்து என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக, உலகநேரம்.

"அடப் பாவிகளா," என்றாள் மெதுவாக.

சான்றுகள் உலகநேரத்தில் எண்ணும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுவது. சான்றகத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆறே கால் என்று குறித்து, அப்படியே கட்டத்துக்குள் அடித்திருக்கிறார்கள். உலகநேரத்து ஆறே கால் என்பது சிப்பித்துறையில் பதினொன்றே முக்கால். பழைய சான்றின் முடிவை ஐந்து வருடத்துக்கு முன் எழுதியவர்கள் சரியாகக் கழித்து எழுதியிருந்தார்கள். ஆக, பழையது செத்து, புதியது பிறக்காமல், நடுவில் ஐந்தரை மணி நேரம் ஊருக்கே தாய் தகப்பன் கிடையாது.

"பதினொண்ணே முக்காலுக்கு எல்லாம் தானா சரியாயிரும்," என்றாள்.

"நான்?"

ஆவுடை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். எக்கியின் நிரலைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். சான்றில்லாத மின்சாரத்தை அது வாங்காது. எப்போதோ, எங்கேயோ, ஒருவனை அவன் எதிரி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அளவுக்கு மீறி மின்சாரம் ஏற்றிக் கொன்றுவிட்டான் என்று போட்ட சட்டம். ஏமாற்ற முடியாது. தேதியைத்தான் அது நம்பும். அந்தத் தேதியை அது எங்கிருந்து வாங்குகிறது? கருவிகளுக்கெல்லாம் மணி சொல்லும் காலநிலையத்திலிருந்து. காலநிலையத்தையும் அது இப்போது நம்பவில்லை. அப்படியென்றால் நின்று மறுபடி ஓடத் தொடங்கும் எக்கி என்ன தேதி என்று நினைத்துக்கொள்ளும்?

விடை நிரலிலேயே இருந்தது. பொருத்தப்பட்ட நாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்தத் தேதியில் பழைய மூலச்சான்று செல்லும். பட்டையின் கடிகாரத்தையும் அதே நாளுக்குத் தள்ளிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அறியும்.

"அணைச்சுப் போடத்தான் வேணும்," என்றாள் ஆவுடை. அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அவசரப் பையில் காந்தத் தட்டு இருந்தது. அதை நெஞ்சில் வைத்துப் பதினொரு நொடி அழுத்தினால் எக்கி நின்று மறுபடி தொடங்கும். அந்தப் பதினொரு நொடியும் தனுஷ்கோடியின் சொந்த நெஞ்சு தனியாகச் சமாளிக்க வேண்டும். வைத்தியர் இல்லாமல் செய்யக் கூடாது என்று தட்டின் மேலேயே சிவப்பில் எழுதியிருந்தது.

"செய்," என்றான் தனுஷ்கோடி.

அவசரப்பட்டுத் தட்டை எடுக்கிறவள் இல்லை ஆவுடை. அந்தத் தேதியைக் கொடுத்து எல்லாச் சான்றுகளையும் கணினியில் ஒத்திகை பார்த்தாள். எக்கி, செல்லும். பட்டை, செல்லும். கடைசியாகத் துணைவர் சான்று. நாளுக்கு ஒருமுறை வீட்டு ஆள் ஒருவர் பட்டையில் விரல் வைத்தால்தான் அது தொடர்ந்து ஏற்றும். நோயாளியின் விரல் செல்லாது, மயங்கிக் கிடப்பவன் விரலை யாரும் எடுத்து வைத்துவிடலாம் என்று அதற்கும் ஒரு சட்டம். ஆவுடையின் துணைவர் சான்றுக்குத் தாழ்ப்பாள் சொன்னது: இன்னும் செல்லாது.

கல்யாணம் நடந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முந்தைய நெஞ்சுக்கு ஆவுடை யாரோ ஒருத்தி.

"அப்ப யாரு துணைவர்?"

தனுஷ்கோடி காப்பித் தம்ளரைப் பார்த்தபடி, "அக்கா," என்றான்.

அக்கா என்றால் சொர்ணம். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். இந்தக் கல்யாணத்துக்கு வராதவள். வராததற்குக் காரணம் சாதியோ சொத்தோ அல்ல, நேரம். பதிவு அலுவலகத்தில் கூட்டமே இல்லாத வேளை என்று ஆவுடை புதன்கிழமை பன்னிரண்டு நாற்பதைப் பிடித்தாள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம். அதனால்தான் கூட்டம் இல்லை. இந்தக் கல்யாணம் என்னைப் பொறுத்தவரை செல்லாது என்று சொல்லிவிட்டாள் சொர்ணம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அது போதாதென்று, வட்டாரச் சான்றகத்தில் மூலச்சான்றை உண்டாக்கும் மூலச்சாவி அதிகாரியும் அவள்தான். அந்த ஆறே காலைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்து, தன் விரலாலேயே அடித்தவள்.

"நான் அந்தப் பொம்பளை வாசல மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்," என்றாள் ஆவுடை.

"தெரியும்."

"ஆபீஸ் வாசல் அதுல சேராது," என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை முதுகில் மாட்டிச் சைக்கிளை எடுத்தாள். சைக்கிளுக்குச் சான்று தேவைப்படவில்லை.

சான்றகத்தின் இரும்புக் கதவு சான்றகத்து ஊழியர்களையே உள்ளே விடவில்லை. எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சொர்ணம் மட்டும் கதவுக்கு நேரே, கைப்பையை நெஞ்சோடு அணைத்து, தானாகத் திறந்துவிடும் என்பதுபோல் நின்றிருந்தாள். ஆவுடையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மதினி, புதுச் சான்று பதினொண்ணே முக்காலுக்குத்தான் பொறக்கும். நேரத்த உள்ளூர்க் கணக்குல அடிச்சிட்டிய."

"மூணு தடவ சரிபாத்தேன். அஞ்சு பேரு முன்னால பாத்தேன்."

"அஞ்சு பேரும் பஞ்சாங்கத்தப் பாத்திருப்பிய. கட்டத்துக்கு மேல எழுதியிருந்தத யாரு பாத்தா?"

ஆவுடை கணினியைத் திறந்து காட்டினாள். சொர்ணம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். உலகநேரம் என்ற சொல்லை இரண்டு முறை படித்தாள் போலிருக்கிறது. பிறகு பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, "பதினொண்ணே முக்காலுக்குச் சரியாயிரும்லா. அதுக்குள்ள எதுக்கு ஊரக் கூட்டுத?" என்றாள்.

"உங்க தம்பிக்கு எட்டே முக்கால் வரைதான்."

சொர்ணத்தின் கைப்பை கொஞ்சம் கீழே இறங்கியது. ஆவுடை விஷயத்தைச் சொன்னாள். காந்தத் தட்டு, பதினொரு நொடி, பழைய தேதி, விரல். மணி அப்போது ஏழு முப்பத்தைந்து. சொர்ணத்தின் பார்வை தன்னையறியாமல் கைக்கடிகாரத்துக்குப் போனது.

"ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிட்டு. ஒம்பதுக்கு மேல..." என்று ஆரம்பித்தாள்.

"ஒம்பதுக்கு மேல நீங்க தாராளமா வரலாம். மாலை வாங்கிட்டு வாங்க."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. ஆவுடை சொல்லிவிட்டாள். வேப்பமரத்தடி ஊழியர்கள் தரையைப் பார்த்தார்கள். சொர்ணம் அவளை அடிப்பதுபோல் பார்த்துவிட்டு, சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்குள் சொர்ணம் முதல்முறையாக நுழைந்தாள். தம்பி பாயில் படுத்திருந்தான், உதடு வெளுத்திருந்தது. "வா அக்கா," என்றான், நேற்றும் வந்துபோனவளிடம் சொல்வதுபோல. அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடை பட்டையின் கடிகாரத்தைத் தள்ளினாள். தட்டை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று சொர்ணம் சத்தமாக எண்ணினாள். ஐந்தில் அவன் கண் செருகியது. ஏழில் சொர்ணத்தின் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை ஆவுடை எண்ணினாள். அவளுக்கு அப்போது பயமாக இருந்தது, வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பதினொன்றில் தட்டை எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே அந்த மெல்லிய ரீங்காரம் கேட்டது.

பட்டை கேட்டது: துணைவர்?

ஆவுடை பழக்கதோஷத்தில் தன் விரலை வைத்தாள். இன்னும் செல்லாது என்றது. சொர்ணம் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மணி எட்டு இருபது, திங்கட்கிழமை, முழு ராகுகாலம்.

பதினொன்றே முக்காலுக்கு ஊர் தானாக எழுந்தது. குழாய் பால் கொடுத்தது, பேருந்து கிளம்பியது, வாத்தியார் வெளியே வந்து குளித்தார். காலைப் பனியால் அலைவரிசையில் தடங்கல் என்று சான்றகம் அறிவித்தது. அந்த வெயிலில் பனி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆவுடை கேட்டாள். தாழ்ப்பாள் ஆர்வலர்களின் பொதுப்பலகையில், சான்றின் படத்தோடு, நடந்ததை எழுதினாள். மூன்றாம் நாள் சான்றகத்திலிருந்து அவளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. மருத்துவக் கருவியின் காலத்தைத் திருத்தியது குற்றம். ஏன் வழக்குத் தொடரக் கூடாது?

தனுஷ்கோடியின் நெஞ்சு மட்டும் இன்றைய தேதிக்குத் திரும்பி வரவில்லை. காலநிலையம் இப்போது புதிய சான்றோடு வந்து சரியான தேதியைச் சொல்கிறது. நான்கு வருடத்துக்கு முன் வாழும் எக்கியோ, அந்தச் சான்று இன்னும் செல்லாது, உன்னை நம்ப மாட்டேன் என்கிறது. மருத்துவமனைக் கருவிகளுக்கும் அதே பதில்தான். எத்தனை முறை நிறுத்தினாலும் அதே நாளில்தான் விழிக்கும். அதனால் தினமும் எட்டு இருபதுக்குச் சொர்ணம் வந்தாள். விரல் வைப்பாள், தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசுவாள், போய்விடுவாள். ஆவுடை காப்பியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். காப்பி குடிக்கப்பட்டிருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை சொர்ணம் இரண்டு தாள்களோடு எட்டு மணிக்கே வந்தாள். மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"ஒண்ணு ஒனக்குத் துணைவர் சான்று. நாலு வருசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கேன். என் சர்வீசுல நான் செய்யாத காரியம். இனி நீயே வெரல் வைக்கலாம், நான் வர வேண்டாம். இன்னொண்ணுல நீ கையெழுத்துப் போடணும்."

இன்னொன்றை ஆவுடை படித்தாள். சான்றில் பிழை இல்லை, பிழை என் மடிக்கணினியில், பலகையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருந்தது.

"போட்டா வழக்கு கெடையாது," என்றாள் சொர்ணம். "என் வேலையும் நிக்கும். யாருக்கும் நட்டமில்ல. அந்த அஞ்சரை மணி நேரம்தான் முடிஞ்சிட்டே. போன திங்கக்கெழமைய இனி யாரு திரும்பிப் பாக்கப் போறா?"

ஆவுடை முதல் தாளை அவள் பக்கம் தள்ளினாள். "நான் இவரக் கெட்டுனது புதங்கெழமை பன்னெண்டு நாப்பதுக்கு. வேற தேதி எனக்கு வேண்டாம். நெஞ்சு அந்த நாளுக்கு வார வரைக்கும் காத்திருக்கேன்."

"அதுக்கு ரெண்டு வருசம் ஆகும். தெனமும் நான் வரணும்."

"வாங்க."

பிறகு மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். "ரெண்டாவது தாளுக்கும் பதில் சொல்லுதேன். நீங்க முடிஞ்சிட்டுங்கிய. யாருக்கு முடிஞ்சுது? ஊருக்கு முடிஞ்சுது. இவரு நெஞ்சுக்கு அந்தத் திங்கக்கெழமை இன்னும் வரல மதினி. நாலு வருசம் கழிச்சு வரும். அன்னைக்கு ஆறே காலுக்குப் பழசு சாவும். நீங்க அடிச்ச புதுச பதினொண்ணே முக்கால் வரைக்கும் இந்த நெஞ்சு நம்பாது. அதே அஞ்சரை மணி நேரம், அதே ரெண்டரை மணி நேர மின்கலம்."

போன திங்கட்கிழமை காலை ஏழு மணியைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டினாள். இன்னும் செல்லாது என்று தாழ்ப்பாள் சொன்னது.

"திரும்பவும் தட்டு வைக்கலாம்லா?" என்றாள் சொர்ணம். கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. ஏழில் எண்ண முடியாமல் நிறுத்தியவள் அவள்தான்.

"இப்பமே அஞ்சாவது நொடியில கண்ணு சொருகிட்டு. நாலு வருசம் கழிச்சு இவரோட சொந்த நெஞ்சு பதினொண்ணு தாங்குமா? மூலச்சான்றத் திருத்தி எழுதுனா இந்த ஓட்டையே இருக்காது. திருத்தணும்னா தப்புன்னு ஒத்துக்கிடணும். நான் கையெழுத்துப் போட்டா யாரும் திருத்த மாட்டாவ."

தனுஷ்கோடி வரைந்துகொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தான். "அக்கா, அவ போட மாட்டா. நான் சொன்னாலும் போட மாட்டா. நான் சொல்லவும் மாட்டேன்," என்றான்.

எட்டு இருபதுக்குப் பட்டை கேட்டது. சொர்ணம் எழுந்து போய் விரலை வைத்தாள். பச்சை எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. திரும்பி வந்து முன்தேதிச் சான்றை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டாள். இரண்டாவது தாளைப் புரட்டி, வெறும் பக்கத்தை மேலே வைத்து, தலைமைச் சான்றகத்துக்கு என்று எழுதத் தொடங்கினாள்.

பாதியில் நிமிர்ந்து, "ஏட்டி, நம்ம ஆறே காலு உலகநேரத்துல எத்தன?" என்றாள்.

"பன்னெண்டே முக்கால். நடுராத்திரி."

"அது நல்ல நேரமா இல்லையான்னு அவனுவ பஞ்சாங்கத்துலயும் இருக்காது," என்று முனகிக்கொண்டே எழுதினாள். பிழை என்னுடையது என்ற இடத்தில் பேனா நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். கீழே நேரம் எழுத வேண்டும், அது சான்றகத்து வழக்கம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ராகுகாலம் முடிய அரை மணிக்கு மேல் இருந்தது.

எட்டு இருபத்தாறு என்று எழுதினாள். ஒரு கணம் யோசித்து, பக்கத்தில் உள்ளூர் நேரம் என்றும் எழுதினாள்.